உச்சி மூட்டை

"பாதிப்பு இல்லை" என்று அந்தப் படிவத்தில் எழுதியது என் கை. எண்பதுகளின் நடுவில், பெரும்பாறைக்கு மேலே ஒரு மேட்டில், காற்றாலைக்கு இடம் பார்ப்பதற்காகக் காற்றை அளக்கும் கம்பம் நட்டார்கள். அந்த இடத்தில் வேறு யார் யார் புழங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுவது என் வேலை. கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று, குதிரைப் பாதைக்குக் குறுக்கே கழுத்தளவு உயரத்தில் போனது. அந்தப் பாதையில் தினமும் போய்வருகிறவர் குதிரைக்கார அண்ணன் ஒருவர்தான். மேலே இருக்கும் தோட்டங்களின் ஆரஞ்சு மூட்டைகளை இரண்டு மட்டக்குதிரைகளில் பெரும்பாறை லாரிக்கு இறக்குவது அவர் பிழைப்பு. எங்கள் பொறியாளர் அவரை நிறுத்தி, ஒரு குதிரையைக் கம்பிக்கு அடியில் நடத்திக் காட்டச் சொன்னார். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு சுலபமாகப் போனது. முதுகுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதையும் அளந்து எழுதிக்கொண்டேன். அளப்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம்.

அளந்தது காலை ஒன்பது மணிக்கு. காலையில் குதிரைகள் வெறுமனே ஏறும். சாயங்காலம் இறங்கும்போது பக்கத்துக்கு ஒரு மூட்டை, அது போக முதுகின் மேல் உச்சி மூட்டை ஒன்று. அண்ணன் அதை அங்கேயே சொன்னார்: "ஏறுறப்ப வெறுங்குதிரைங்க. எறங்குறப்பப் பாருங்க." பொறியாளருக்கு மதியம் கொடைக்கானலில் கூட்டம். நான் படிவத்தை மூடிவிட்டேன்.

அந்த வாரமே மூடுபனியில் முன்குதிரையின் உச்சி மூட்டை கம்பியில் மாட்டி, குதிரை மண்டியிட்டு விழுந்தது. நல்லவேளை, கால் முறியவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் கம்பிக்கு முன்னால் உச்சி மூட்டைகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து கடந்து, மறுபடி ஏற்றினார். இந்தச் சோலியில் பல நாள் லாரியைத் தவறவிட்டார். தோட்டக்காரர்கள் வேறு ஆள் தேடத் தொடங்கினார்கள். கம்பியை மாற்றிக் கட்டச் சொல்லி மூன்று முறை கேட்டேன். "பாதிப்பு இல்லைன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க" என்றார் பொறியாளர். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது கடலில் காற்றாலை நடுவது பற்றிய அறிக்கைகளை என்னிடம் பார்க்கக் கொடுக்கிறார்கள். படகுகளுக்குப் பாதிப்பில்லை என்ற வரி வந்தால், எந்தப் படகைப் பார்த்தீர்கள், சும்மா போகிறதையா, வலையை இழுத்துக்கொண்டு வருகிறதையா என்று கேட்டு எழுதுகிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

பெரும்பாறையில் நட்ட அந்தக் கம்பத்தை இரண்டு வருடத்தில் கழற்றிவிட்டோம். நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் வரை பாதையில் காத்திருந்தேன். கம்பி இருந்த இடத்துக்கு வந்ததும் முன்குதிரை நின்றுவிட்டது. அண்ணன் கயிற்றை இழுத்தார், தட்டிக்கொடுத்தார். அசையவில்லை. உச்சி மூட்டையை அவர் இறக்கித் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் நடந்தது.

"கம்பிதான் இல்லையேண்ணே" என்றேன்.

"எனக்குத் தெரியுது தங்கச்சி. அதுக்கு யாரு சொல்றது?"

கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.