மணல்திட்டில் கண்ட செருப்புத் தடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வெயில் ஏறத் தொடங்கிய பங்குனி மாதம். தவளக்குப்பத்துக்குத் தெற்கே ஆற்று மணல்திட்டில் ஆலாப் பறவைகளைப் பற்றி ஆய்வு செய்ய வனத்துறையில் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. மில் தொழிலாளியின் மகள் நான். விலங்கியல் படித்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்கு முதல்முறையாக ஒரு வேலை. தலைகால் புரியவில்லை.

கறுப்புத் தலையும் மஞ்சள் அலகுமாக இருக்கும் அந்த ஆலா, இப்போது அருகிவரும் பறவை. கூடு என்று எதையும் கட்டாது. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். குழியிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம், திட்டு எவ்வளவு உயரம், பக்கத்தில் புல் இருக்கிறதா என்று அளந்து, குஞ்சு பொரிக்க அதற்கு என்னவெல்லாம் தேவை என்று எழுத வேண்டும். நானும் கூட வேலை பார்த்த ஒருவரும் தினமும் போவோம். முதல் வாரத்தில் பதினோரு கூடுகள் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது வாரம் நான்காவது கூட்டில் முட்டைகள் இல்லை. பக்கத்தில் செருப்புத் தடம் இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்த ரப்பர் செருப்பு. அடுத்த நாள் இன்னொரு கூடு காலி. அங்கேயும் அதே தடம். வேறு தடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

அந்தச் செருப்புக்காரியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாற்பது வயதிருக்கும். காலில் அதே தேய்ந்த ரப்பர் செருப்பு. இடுப்பில் கூடை, அதன்மேல் துணி மூடியிருக்கும். நாங்கள் அளக்கும்போதெல்லாம் கரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நேராகவே போய்க் கேட்டேன்.

“இங்க என்னாக்கா வேலை?”

“மாட்டுக்குப் புல்லு அறுக்க வந்தேன்.”

“மணல்ல ஏதுக்கா புல்லு? கூடையில என்னா இருக்கு, காட்டுங்க.”

அவர் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நீ யாரு என்னைக் கேக்க?” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. முட்டைதான் எடுக்கிறார், விற்கிறாரோ தின்கிறாரோ என்று மேலதிகாரியிடம் புகார் சொன்னேன். மறுநாளே வனக்காவலர் ஒருவர் வந்து, ஆற்றில் கால் வைத்தால் கேஸ் போட்டுவிடுவேன் என்று அந்தப் பெண்ணை மிரட்டி அனுப்பினார். தலையைக் குனிந்துகொண்டு அவர் கரையேறியதைப் பார்த்து, பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்தேன்.

நான்கே நாட்களில் மேலும் ஆறு கூடுகள் காலியாகின. செருப்புத் தடம் எங்கும் இல்லை. நாயின் கால் தடங்கள்தான் மணல் முழுக்க இருந்தன.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய்க் கரைப் புதரில் உட்கார்ந்தேன். மூன்று நாய்கள் வந்தன. நேராக நாங்கள் மதியம் சாப்பிடும் இடத்துக்குப் போயின. காக்கைக்கு என்று நாங்கள் போட்டுவைத்த கருவாட்டுச் சோற்றை நக்கித் தின்றன. பிறகு மூக்கை மணலில் வைத்துக்கொண்டு, நாங்கள் நடந்த தடத்திலேயே கூட்டை நோக்கி நடந்தன. ஆலாக்கள் தலைக்குமேல் கத்தின. கத்திக்கொண்டே ஓடினேன்.

எனக்கு முன்னால் ஒரு கல் பறந்து விழுந்தது. எதிர்க்கரையிலிருந்து அந்தப் பெண் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கூடையில் கையை விட்டுக் கல்லை எடுத்து எடுத்து வீசினார். கூடை நிறையச் சல்லிக்கல். நாய்கள் ஓடிவிட்டன.

“என் கன்னுக்குட்டிய கடிச்சுக் கொன்ன நாயிங்க இதுங்க. அன்னியிலேர்ந்து கல்லோடதான் வரேன். இந்தக் குருவிங்க கத்தறதப் பாத்தா மனசு கேக்கல, அதுக்கும் சேத்து ஓட்டினேன். ரெண்டு கூட்டுல மட்டும் நான் ஓடி வர்றதுக்குள்ள முட்டையத் தின்னுட்டுதுங்க” என்றார் மூச்சு வாங்க.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா...”

“உன்கிட்டயா? டேப்பு வெச்சி மணல அளந்துகினு இருந்தீங்க. மண்ணள்ள லாரி விடப்போற ஆளுங்கன்னுல்ல நெனச்சேன். அதான் தெனம் வந்து வேவு பாத்தேன்.”

அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சேலையைப் பிழிந்துவிட்டு, “மிச்சம் எத்தினி இருக்கு?” என்றுதான் கேட்டார். மூன்று இருந்தன.

மேலதிகாரியிடம் போய் என் புகார் தவறு என்றும், நாய்களை வரவழைத்ததே நாங்கள் போட்ட சோறுதான் என்றும் சொன்னேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். அந்தப் பெண்ணுக்குக் காவல் வேலை கேட்டேன். கிடைக்கவில்லை. ஆற்றில் இறங்கத் தடையில்லை என்று மட்டும் சொன்னார்கள். அவர் முன்போலவே வந்தார். மூன்று கூடுகளில் இரண்டில் குஞ்சு பொரித்தது.

அறிக்கையில் மணலையும் தண்ணீரையும் எழுதிய பிறகு, கல்லோடு வந்த அந்தப் பெண்ணைப் பற்றியும், நான் செய்த தவறைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். இப்போதும் யாரையாவது பார்த்தவுடன் சந்தேகம் எழும்போது, ஒரு வார்த்தை மரியாதையாகக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய அந்த ஆறு கூடுகள்தான் என் வாயை அடக்குகின்றன.