ஒரு விரல் இடைவெளி

எழுபத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. காரிமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து சேலத்துக்குக் காரில் புறப்பட்டோம். நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய கார். அதன் பின்சக்கர டயர்கள் இரண்டும் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்திருந்தன. அப்போது டயருக்குக் கடும் தட்டுப்பாடு. கடையில் பெயர் எழுதி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாங்களும் எழுதி வைத்திருந்தோம். அதற்குள் தர்மபுரியில் என் கணவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஒரு ஜோடி டயர் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் அவை எங்கள் வண்டிக்கு உரிய அளவைவிடச் சற்றுப் பெரியவை.

"இதே சைஸுதான் வேணும்னா தீவாளி வரைக்கும் காத்திருக்கணுங்க சார். இது கொஞ்சூண்டுதான் பெருசு. வண்டி ஒசரமா நிக்கும். உங்க வூட்டு ரோட்டுக் கல்லு அடியில இடிக்காது" என்றாராம்.

எங்கள் வீட்டுக்கு வரும் பாதை முழுவதும் கல். வண்டியின் அடிவயிற்றில் கல் இடிக்கும்போதெல்லாம் என் கணவரின் முகம் சுருங்கும். அதனால் அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போயிற்று. மாட்டிக்கொண்டு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, டயருக்கும் அதன் மேலே வளைந்திருந்த தகட்டுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை விட்டுக் காட்டினார். "பாரு, ஒரு விரல் தாராளமாப் போவுது." நானும் குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். வண்டி காலியாக நிற்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை வண்டி காலியாக இல்லை. என் கணவரின் அக்கா மகன் சேலத்தில் புதுவீடு கட்டியிருந்தான். பத்து மணிக்கு சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிப்பதாக ஏற்பாடு. தாய்மாமன் சீராகப் பெரிய பித்தளை அண்டா ஒன்று வாங்கியிருந்தோம். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்த அவன் அம்மாவும், அதாவது என் நாத்தனாரும், எங்களோடு வந்தார். அவருக்குக் காரில் போனால் குமட்டும். அதனால் பின்சீட்டில் இடது சன்னலோரம் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்துகொண்டார். நல்ல பருமனான உடம்பு. வலது சன்னலோரம் அண்டா. நடுவில் என் மகள். முன்னால் கணவரும் நானும். டிக்கி நிறைய அரிசியும் தேங்காயும் மாங்காயும்.

என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தர்மபுரிக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்தாள். அடுத்த மாதம் பரீட்சை. சாப்பிடும்போதும் விரல்கள் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கும்.

தர்மபுரியைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது, பின்னால் 'சர்ரக்' என்று தேய்க்கும் சத்தம் கேட்டது. கூடவே ரப்பர் தீயும் வாசனை. கணவர் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். இடது டயருக்கு மேலே விரலை விட்டார். போகவில்லை.

"என்னடா தம்பி, நான் ஏறுனா உன் வண்டி மொனகுது?" என்றார் நாத்தனார்.

"அதெல்லாம் இல்லக்கா. புது டயரு. போகப் போக சரியாயிரும்."

"ஏங்க, வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ல போயிரலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

நாத்தனார்தான் பதில் சொன்னார். "நல்லா சொன்ன போ! காரு வெச்சிருக்கற தாய்மாமன் சீரு அண்டாவ பஸ்ஸு மேல கட்டிக்கிட்டு வந்து எறங்கறதா? என் மருமவ வூட்டுச் சனம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கணவர் பின்சீட்டைப் பார்த்து, "எடப்பக்கம் பாரம் ஜாஸ்தி. கொஞ்சம் மாத்தி உக்காருங்க" என்றார். யார் மாற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாத்தனார் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். மூத்தவர், விருந்தாளி. அவரைப் பார்த்து, 'அண்ணி, நீங்க கனமா இருக்கீங்க, அந்தப் பக்கம் போங்க' என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. மகளிடம் சொன்னேன்.

"அண்டாவ நடுவுல நவுத்திட்டு நீ அந்தப் பக்கம் சன்னலோரம் போய் உக்காரு கண்ணு."

அவள் மறுபேச்சு பேசாமல் மாறிக்கொண்டாள்.

அதன்பின் சத்தம் நின்றது. கணவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தொப்பூர் இறக்கத்தில் வலதுபக்கம் திரும்பும் ஒரு வளைவு. வண்டி இடதுபுறம் சாய்ந்தது. முன்னைவிடப் பெரிதாக அதே சத்தம், யாரோ தகட்டைக் கிழிப்பதுபோல. கணவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைச் சற்றே வலதுபக்கம் இழுத்துவிட்டார். எதிரே ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அது எங்களை உரசிக்கொண்டு கடந்தது.

வண்டி நின்றது. கண்ணாடிகூட உடையவில்லை. 'ஆண்டவரே, தப்பித்தோம்' என்று நான் சொல்லி முடிக்கவில்லை. பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது, சாதாரணமாக.

"மா, என் கை எங்கயோ மாட்டிக்கிச்சு."

கண்ணாடி இறக்கிய சன்னலின் விளிம்பில் முழங்கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

லாரி ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். தவறு அவருடையதில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் கையை இறுக்கிக் கட்டினார். "அம்மா, அழுவறத அப்புறம் அழுவலாம். பாப்பா கைய மேல தூக்கிப் புடிங்க. எறக்காதீங்க" என்று என்னை அதட்டினார். என் கணவரின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நிலையில் இல்லை. அந்த மனிதரே கீழே இறங்கிவந்த இன்னொரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மகளின் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அண்டா அதே இடத்தில் இருந்திருந்தால், அதில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

ஆறு வாரம் கழித்து டயர் கடையிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நாங்கள் எழுதி வைத்திருந்த அளவு வந்துவிட்டதாம். தபால்காரர் மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை இடது கையில் நீட்டினாள். என் கணவர் வாங்கி, படித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டியை விற்றுவிட்டோம்.

டயரை மாற்றியது தாம்தான் என்று அவர் உள்ளுக்குள் மாய்கிறார். இடத்தை மாற்றியவள் நான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நாத்தனார் எப்போது வந்தாலும் மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முனகிக்கொண்டாவது மாறி உட்கார்ந்திருப்பார்.

மகள் இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். போன வருடம் ஒருநாள், என்னைத் தலைவாரிவிடச் சொல்லி உட்கார்ந்திருந்தவள், நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்: "நடுவுல ஒரே புழுக்கமா இருந்துச்சும்மா. நீ மாறச் சொன்னப்ப எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நல்லா காத்து வந்துச்சு."

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமே இல்லாமல் போய்விட்டது. இன்றும் பஸ்ஸில் ஏறினால், எங்கே உட்காருவது என்று அவள் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறாள். அன்று நாத்தனாரிடம் சொல்ல வராத வாய், இன்று அவளிடம் சொல்லவும் வருவதில்லை.