எரியாத சுவர்

இன்று மாலை நாலேகாலுக்கு, மைசூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்திருக்கும் காபிக் கடையில் யாரோ அடுப்புக் கரியில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வாடையில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்று எங்கள் சந்தில் ஊதுபத்திக் கிடங்கு பற்றிக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்கும் பரவியது. சந்தன வாசனையோடு புகை கண்ணைக் கரித்தது. குறுகல் சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியவில்லை. நெருப்பு எங்கள் வீட்டைத் தொடவில்லை. ஆனாலும் வண்டிக்கு வழிவிட அப்பாவே கடப்பாரையால் முன்சுவரை இடித்தார்.

"ஐயோ, நம்ம வீடுங்க" என்றாள் அம்மா.

"செவுரு தானே, கட்டிக்கலாம். தள்ளி நில்லு."

மறுவாரம், எரிந்த வீடுகளை எடுத்துக்கொண்டு கடைகள் கட்டப்போவதாகச் சொல்லி அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் வீட்டையும் பட்டியலில் எழுதினார்.

"எரியலை சார், நான்தான் இடிச்சேன்."

"யார் இடிச்சா என்ன ஸ்வாமி? செவுரு இல்லியே."

வீடு போனது, சந்தும் போனது.

அதே இடத்தில்தான் இந்தக் கடை. மிஞ்சிய முன்சுவர்த் துண்டுக்கு விளக்குப் போட்டு, பலகை மாட்டியிருக்கிறார்கள்.

"தீயில எரிஞ்ச சுவர் சார், போட்டோ எடுத்துக்கங்க" என்றான் பணியாள்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த நான் அதை விரலால் தேய்த்தேன். கரி ஒட்டவில்லை, கடப்பாரைத் தடம்தான் தட்டுப்பட்டது.

"எரியலப்பா, எங்கப்பா இடிச்சது. முதலாளியைக் கூப்பிடு. பலகையைக் கழட்டாம நான் எழுந்திருக்கிறதா இல்ல."