மூச்சைப் பிடித்து ஏறிய ஏற்றம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். காப்பி மூட்டை சுமக்கத் தாண்டிக்குடி மலைக்கு வந்தவன், இன்று அங்கேயே நாலு ஏக்கர் தோட்டமும் ஒரு ஜீப்பும் வைத்திருக்கிறேன். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்கவும் உட்காரவும் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்?

என் நுரையீரல் கெட்டுவிட்டதாம். பீடியும் மூட்டைத் தூசியும் செய்த வேலை. கெட்டது திரும்பாது, இருப்பதை வைத்துக் காலம் தள்ள மூச்சுப் பயிற்சி எடுங்கள் என்று டாக்டர் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கன்னிவாடியில் மகள் வீட்டில் தங்கி, வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தேன். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஜீப் நிற்கும் வளைவிலிருந்து தோட்டத்து வீடு வரைக்கும், நானே வெட்டிய அந்த ஏற்றத்தை, யார் தோளையும் பிடிக்காமல் ஏற வேண்டும். முடியாவிட்டால் இனிமேல் கன்னிவாடிதான்.

முதல் நாளே வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். வாத்தியாரை முந்தாமல் விடுவேனா? முந்தினேன். மூன்றாவது நிமிடம் சுவரைப் பிடித்து நின்றேன். பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டியிருந்த கருவி கத்தியது. வாத்தியார் நிதானமாக என்னைத் தாண்டிப் போனார்.

"பந்தயம் இல்லீங்கய்யா இது."

"அவருதாம்மா மொதல்ல திரும்பிப் பாத்தாரு."

பிறகு போகும்போதெல்லாம் உதட்டைக் குவித்து ஊது, ஊது என்று ஒரே நச்சரிப்பு. அடுப்பு ஊதுவதற்கா இந்த வயதில் பஸ் ஏறி வந்தேன்? ஒரு நாள் சின்ன மணல் பையைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

"தூக்குறப்ப ஏங்கய்யா மூச்ச நிறுத்துறீங்க?"

"நிறுத்தாம எப்படிம்மா தூக்குறது? தம் பிடிச்சாத்தான் மூட்ட தோளுக்கு வரும்."

"படி ஏறுறப்பவும் அதத்தான் செய்யுறீங்க. அதான் மூச்சு முட்டுது. பாரம் வர்றப்ப ஊதுங்க."

எரிச்சலாக வந்தது. நாலு ஏக்கர் சம்பாதித்துக் கொடுத்த தம் அது. எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதைத் தப்பு என்கிறாள், மணல் பையைத் தவிர எதையும் தூக்கிப் பார்க்காதவள்.

காப்பிப் பழம் எடுக்கும் பருவம் தொடங்கும் முன் மலைக்குப் போனோம். ஜீப்பை விட்டு இறங்கியதும் பழக்கத்தில் தம் பிடித்து விறுவிறுவென்று ஏறினேன். பத்தடியில் கண் இருட்டியது.

பின்னால் வந்த மனைவி, "என்னங்க, வண்டியத் திருப்பச் சொல்லவா?" என்றாள்.

பதில் சொல்ல மூச்சு இல்லை. வேறு வழியில்லாமல் ஊதினேன். ஒரு அடிக்கு ஒரு ஊது. பாதி வழியில் உட்காரலாம் என்று பார்த்தால் ஒரு கல் கிடையாது. பாதை வெட்டும்போது ஆட்கள் அங்கே ஒரு கல் போடக் கேட்டார்கள். "ஏற முடியாதவனுக்கு இங்க என்னலே சோலி?" என்று விரட்டியவன் நான்தான். மரத்தில் சாய்ந்து நின்றேன். ஊதினேன். மறுபடி ஏறினேன்.

வாசலில் மனைவி சொன்னாள்: "நாலு எடத்துல நின்னீங்க."

"யார் தோளையாவது பிடிச்சேனா?"

"பிடிக்கல." முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.

மறுநாள் வெள்ளனே ஆள் விட்டு நாலு இடத்திலும் பெரிய கல்லாகப் போடச் சொன்னேன். எனக்காக இல்லை, அவளுக்கு முழங்கால் வலி.