திங்கட்கிழமைக் கொழுந்து

பதுளையில் ஒரு பொறியியல் பீடத்தின் பட்டறையில் நான் உதவியாளன். அதற்கு முன் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரைப் பல வருடம் ஓட்டினேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ரோலர் அறையில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அங்கே கத்தினாலும் கேட்காது.

ஒருநாள் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் பேரிங் படம் வரைந்து பாடம் நடத்திவிட்டுப் பட்டறைக்கு வந்தார். வேறு யாரும் இல்லாததால் சொல்லிவிட்டேன்.

"சார், புள்ளைகள ஃபெக்டரிக்குக் கூட்டிப் போங்க. பேரிங் போகப் போறது சத்தத்துலயே தெரியும். படத்துல எப்படிங்க தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் சொல்லுங்கண்ணே."

ஒரு வாரம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பொறியியல் படிப்பைச் சீர்திருத்த ஒரு மானியம் வருகிறதாம். கிடைத்தால் தொழிற்சாலையில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்தானாம். வீட்டில் சொன்னேன். மனைவி புதுச் சட்டை வாங்கி வந்தாள்.

மானியத்தின் முதல் பகுதி வந்தது. மதிப்பீட்டாளர்கள் பட்டறைக்கு வந்த அன்று அந்தச் சட்டையில் நின்றேன். அவர்களில் ஓர் அம்மா, நான் யார் என்று கேட்டார்.

விரிவுரையாளர் முந்திக்கொண்டார். "இந்த ஆளா? சாமான் தூக்குறவர், மேடம்."

பிறகு என் பேரிங் கதையை, தான் சின்ன வயதில் தொழிற்சாலையில் கண்டதாகச் சொன்னார். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அடுத்த பகுதி கிடைக்க, தொழிற்சாலைப் பாடத்தை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும். விரிவுரையாளர் திங்கட்கிழமை காலை என்று தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதி, என்னிடமே கொடுத்தனுப்பினார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஞாயித்துக்கிழமை யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போறதில்ல. பறிச்ச கொழுந்து ராத்திரி பூரா வாடி, மறுநாதான் ரோலருக்கு வரும். திங்கக்கிழமை என்னத்தப்பா அரைக்கிறது? ஒங்க சாருக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. மெஷினப் பார்த்தாப் போதுமாம்."

என் வாழ்க்கையில் நான் தடுமாறாமல் சொன்னது அந்தப் பொய் ஒன்றைத்தான்.

திங்கட்கிழமை ரோலர் அறை கழுவிக் காய்ந்து கிடந்தது. மாணவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சும்மாவாவது ஓட்டச் சொல்லி விரிவுரையாளர் கெஞ்சினார்.

"வெறும் ரோலர ஓட்டுனா தட்டுத் தேயும், சார். தோட்டத்துத் தொர எங்கிட்ட வெளக்கம் கேக்க மாட்டாரு, வீட்டுக்கு அனுப்பிருவாரு," என்றார் டீமேக்கர்.

அந்த அம்மா விரிவுரையாளரிடம் கேட்டார்: "சின்ன வயதிலேயே தொழிற்சாலை பழக்கம் என்றீர்களே?"

அவர் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். "திங்கக்கிழமை அரவை இல்லன்னு ஒங்களுக்குமா தெரியாது, அண்ணே?"

"தெரியும் சார்."

அப்போது அவர் முகம் போன போக்கை இன்றும் சோறு தின்னும்போது நினைத்துப் பார்ப்பேன். ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

மானியம் வேறு பீடத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் மறுபடி கரும்பலகைப் பேரிங்கைப் பார்த்து எழுதுகிறார்கள். அவர்களை நினைத்தால் மனது வலிக்கிறது. அவரை நினைத்து இல்லை. என்னைக் கண்டால் அவர் இப்போது பின்கதவால் போகிறார். நான் காலையில் முதலில் கூட்டுவது பின்கதவு வாசலைத்தான்.