செண்டுமல்லியைப் பிடுங்கமாட்டேன்

ஒரு தாய் எவ்வளவு பயந்தால் போதும்? இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பயந்தால், படித்தவளுக்கு இத்தனை பயமா என்கிறார்கள். பயப்படாவிட்டால், இவளும் ஒரு தாயா என்கிறார்கள்.

நான் சேலத்தில் பிறந்து, அங்கேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாழ்க்கைப்பட்டது நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில். குளிக்கிற தண்ணீர் வீணாக ஓடுகிறதே என்று கிணற்றடியில் செண்டுமல்லியும் துளசியும் சூரியகாந்தியும் வைத்தேன். விதையெல்லாம் பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவை. பூத்ததும் தேனீக்கள் வந்தன. காலில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு பூவுக்குப் பூ தாவும். பெரிய கருவண்டு ஒன்று வந்து உட்கார்ந்தால் துளசிக் கதிர் வளைந்து தரையைத் தொடும். அந்த வீட்டில் நானாக வரவழைத்த விருந்தாளிகள் அவைதான்.

அப்போது மூத்தவன் தத்தித் தத்தி நடக்கிற பருவம். ஒரு நாள் பொழுது இறங்குகிற நேரத்தில் செண்டுமல்லிப் பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான். உள்ளே தேனீ இருந்தது. அவன் வீரிட்டதைக் கேட்டு ஓடிவந்து நான் கத்தினேன்: "ஐயோ, பூச்சி கடிச்சிருச்சுங்க!"

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்தில் யாரும் பாம்பைப் பேர் சொல்லமாட்டார்கள். பூச்சி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. வயல் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாமனார், மாடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். மாமியார் புடவைத் தலைப்பைக் கிழித்துக் குழந்தையின் கையை இறுக்கிக் கட்டினார். நான் சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை. விஷத்துக்குப் பாடம் போட்டு மந்திரிக்கிற கிழவரை யாரோ கையோடு கூட்டிவந்துவிட்டார்கள்.

அவர் குழந்தையின் வாயில் வேப்பிலையைத் திணித்தார். அவன் அவர் முகத்திலேயே துப்பினான்.

"கசக்குதுங்க. அப்ப விசமில்லீங்க" என்றவர், கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, இந்தக் கொடுக்குக்கா என்னைச் சோத்துல கைவெக்க உடாம இழுத்தாந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் களைக்கொத்தோடு கிணற்றடிக்கு வந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளு புள்ள."

"மாட்டேனுங்க அத்தை."

"என்ற பேரனைக் கொட்டுனதை ஊட்டுல வெச்சு வளப்பயா?"

"போன மாசம் மயிலைக்காளை இவனை முட்டித் தள்ளுச்சுங்களே. அதை வித்துட்டீங்களா?"

"அது ஏர் இழுக்குது. உம்பட பூச்சி என்னத்தை இழுக்குது?"

"வேலியில உங்க பூசணி காய்க்கறதே அதனாலதானுங்க."

"அப்ப நானு ஊத்துற தண்ணி?"

பள்ளிக்கூடத்தில் படித்ததை நிரூபித்துவிடலாம் என்று, பிஞ்சோடு இருந்த பூசணி மொட்டு ஒன்றுக்கு மெல்லிய துணியைக் கட்டிவைத்தேன். தேனீ போகமுடியாத அந்தப் பிஞ்சு வெம்பி விழுந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். மாமியார் அதைப் புரட்டிப் பார்த்தார். "மூஞ்சியைத் துணி போட்டுக் கட்டுனா மூச்சு முட்டி வெம்பாம என்ன பண்ணும்?" என்றார். துணியே பிஞ்சைக் கெடுத்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் செடியை விடவில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்லைத் தட்டாதவள் நான். சமையலிலும் விரதத்திலும் அவர் கிழித்த கோட்டைத் தாண்டியதில்லை. இதில் மட்டும், அவர் களைக்கொத்தை எடுக்கும்போதெல்லாம் போய் நின்றேன். "பூச்சிக்காரி வந்துட்டா" என்று மாமனார் கேலி செய்வார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நிலைக்கட்டும்.

ராத்திரி படுத்தால் மனசு அடித்துக்கொள்ளும். கொட்டியது கண்ணிலோ தொண்டையிலோ ஆகியிருந்தால்? பிடிவாதத்தால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்றல்லவா ஆகியிருப்பேன்? காலையில் எழுந்ததும், பூவே இல்லாத வாசலில் என் பிள்ளை வளரவேண்டுமா என்று கோபம் வரும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

மூத்தவன் இப்போது பூவைத் தொடுமுன் குனிந்து உள்ளே பார்க்கிறான். கவலை அவனைப்பற்றி இல்லை. இளையவள் தவழத் தொடங்கிவிட்டாள். கீழே உதிர்ந்து கிடக்கும் பூவெல்லாம் அவள் வாய்க்குத்தான் போகிறது. அதற்குள் தேனீ இருக்குமா, இருக்காதா என்று நாள் முழுக்க அவள் பின்னாலேயே ஓடுகிறேன். மாமியார் மறுபடியும் களைக்கொத்தைத் தீட்டிவைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன்: தவழும் குழந்தையையும் தேனீ வரும் செடியையும் ஒரே வாசலில் வளர்த்தவர்கள் உங்களில் உண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்? எந்தச் செடியைத் தள்ளி வைத்தீர்கள், கொட்டினால் என்ன பூசினீர்கள்? எழுதுங்கள், அப்படியே செய்கிறேன். பிடுங்கிவிடு என்று மட்டும் எழுதவேண்டாம். அதைச் சொல்ல இங்கேயே ஆள் இருக்கிறது.