மினிட்ஸில் விடுபட்ட வாக்கியம்

எங்கள் படத்தொகுப்பாளர் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை. தேர்தல் அன்று யார் வரவில்லையோ அவரே செயலாளர். கத்தரி அக்கா அப்படித்தான் செயலாளரானார். மகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அங்கே ஃபிரேம் தேர்ந்தெடுப்பதற்குள் இங்கே கை தட்டி முடித்துவிட்டோம். போனில் சொன்னவன் நான்தான்.

"சரி, என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"மினிட்ஸ் எழுதணும்க்கா. கூட்டத்துல யார் யார் என்ன பேசினாங்கன்னு."

"எல்லாத்தையுமா?"

"ஆமா, எல்லாத்தையும்."

"பார்க்கலாம்," என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அக்கா பத்தொன்பது வருடமாக டிவி சீரியல் எடிட்டர். நாள் முழுக்க எடுத்துக் குவித்ததை இருபத்திரண்டு நிமிடமாக ஆக்கிக் கொடுப்பது அவர் வேலை. கத்தரி என்ற பெயர் அதனால் வந்தது. இயக்குநர்கள் அவரிடம் வாய் கொடுப்பதில்லை. ஒரு கதாநாயகி நேரில் வந்து, "என் அழுகையை ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டிருக்கிறார். "அழுதுட்டே வாட்ச்சைப் பார்த்தீங்க," என்று சொல்லிவிட்டு அக்கா அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டினார். கதாநாயகி நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் சொல்வது மனசிலிருந்து வருகிறதா, வெறும் வாயிலிருந்து வருகிறதா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். அவரும் அப்படித்தான் நம்பினார்.

அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட் ஏன் நின்றது என்பதைத் தரைத்தளத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு மாடியாக நின்று நின்று சொல்லுவார். அக்கா ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. கேட்டால், "வீட்டுல வேலை பார்க்கறதில்ல," என்பார். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் அக்கா தொகுக்கும் சீரியலை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர்.

"அந்தச் சின்ன மருமக செத்துடுவாளா அண்ணி?"

"தெரியாது."

"நீங்கதானே எடிட்டிங்?"

"எடிட் பண்ணுவேன். கதையெல்லாம் கவனிக்கறதில்ல."

இதற்காக நாத்தனார் ஒரு முறை நான்கு நாள் பேசாமல் இருந்தார். நாலு நாள் நிம்மதியாக இருந்தது என்று அக்கா எங்களிடம் சொன்னார். அதில் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை.

சங்கத்தின் அலுவலகம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கீழே கல் அறுக்கும் மெஷின் ஓடும்போது மேலே எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அது நின்றதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வோம். அக்கா கூட்டத்தை போனில் பதிவு செய்து, வீட்டில் கேட்டு எழுதுவார். அவர் எழுதிய முதல் மினிட்ஸ் ஒரே பக்கம். கூட்டம் நடந்தது மூன்று மணி நேரம். நான் இருபது நிமிடம் பேசியது, 'உறுப்பினர் ஒருவர் ஆதரித்தார்' என்று வந்திருந்தது. தலைவரின் தொடக்க உரை, 'தலைவர் வரவேற்றார்' என்று வந்திருந்தது. படித்துப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தலைவர் சினிமா எடிட்டர். அறுபத்து நாலு வயது. பதினோரு வருடமாக எதிர்ப்பில்லாமல் தலைவர். யார் என்ன கேட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர். செய்து முடிக்கவும் தெரியாது.

அந்த வருடம் சேனல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையும் எபிசோட் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். சீரியல் எடிட்டர்களுக்கு இருந்த ஒரே விடுமுறை அது. சங்கத்திலிருந்து மறுப்புக் கடிதம் அனுப்புவதாக முடிவானது. மூன்று கூட்டம் கடந்தும் கடிதம் போகவில்லை. நான்காவது கூட்டத்தில் துணைத்தலைவர் விடவில்லை. விளம்பரப் படங்கள் எடிட் பண்ணுபவர், முப்பது செகண்டுக்கு மேல் பொறுமை கிடையாது.

"அந்த லெட்டர் போச்சா இல்லையா சார்?"

"டிராஃப்ட் ரெடியா இருக்கு."

"போன கூட்டத்துலயும் ரெடியாத்தான் இருந்தது. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, வேற யாராவது பார்ப்பாங்க."

தலைவர் மேஜையைத் தட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்து, "அப்ப நான் ராஜினாமா பண்ணிடறேன். போதும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. தலைவரும் ஒரு கப் எடுத்துக்கொண்டார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். அதற்குப் பிறகு கூட்டம் நாற்பது நிமிடம் நடந்தது, மூன்று தீர்மானங்களில் அவரே தலைவர் என்று கையெழுத்துப் போட்டார். யாரும் ராஜினாமா பற்றிப் பேசவில்லை.

மினிட்ஸ் வந்தது. அந்த வாக்கியம் அதில் இல்லை.

அடுத்த கூட்டத்தில் துணைத்தலைவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலைவர் ராஜினாமா பண்ணினாரே, அது எங்க?"

"வெட்டிட்டேன்," என்றார் அக்கா.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"யாரையும் கேக்கல. கோவத்துல சொன்னார். உடனே டீ குடிச்சார். நிஜமா போறவங்க சர்க்கரையைப் பத்திப் பேச மாட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். தலைவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணைத்தலைவர் சங்க விதிப் புத்தகத்தோடு வந்திருந்தார். வாயால் சொன்ன ராஜினாமாவும் செல்லும், ஆனால் அது மினிட்ஸில் பதிவாகியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. யார் எழுதி வைத்த விதி என்று ஒருவருக்கும் தெரியாது. ஆக, தலைவர் தலைவரா இல்லையா என்பது அக்கா வெட்டியது சரியா தப்பா என்பதில் வந்து நின்றது. பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். நடுவில் அக்கா தலைவரின் ஆள் என்று பேச்சு கிளம்பியது. எடிட்டிங் அறை வாசலில் அவரைக் கண்டதும் இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். அக்கா அதைக் கவனித்தார்.

பொதுக்குழுவுக்கு முந்தைய சனிக்கிழமை காலை, பதிவை எடுத்துக்கொண்டு அக்கா தலைவர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

தலைவர் தனியாக இருந்தார். ஹாலில் இரண்டு பெட்டிகள் கட்டி வைத்தபடி இருந்தன. அக்கா போனை மேஜைமேல் வைத்து அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டார்.

"'போதும்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டிருக்கேன், கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"பதினோரு வருஷத்துல அந்த ரூம்ல நான் மனசாரச் சொன்னது அது ஒண்ணுதான்."

அக்கா பதிவை நிறுத்தினார். "அப்புறம் ஏன் சார் டீ குடிச்சீங்க?"

"கொண்டுவந்து நீட்டினாங்க. வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது?" என்றார் தலைவர். "கையெழுத்தும் அப்படித்தான். பேப்பரை நீட்டினாங்க. எப்படியும் மினிட்ஸ்ல வந்துடும், அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்கன்னு வீட்டுக்கு வந்துட்டேன். வீட்டுல சொல்லியாச்சு. என் வீட்டுக்காரி பொண்ணு இருக்கற ஊருக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டா. நானும் பெட்டி கட்டிட்டேன். அப்பதான் உன் மினிட்ஸ் வந்தது."

"அப்பவே போன் பண்ணியிருக்கலாமே சார்."

தலைவர் கட்டி வைத்த பெட்டிகளைப் பார்த்தார். "ஒருத்தராவது என்னைப் போக வேண்டாம்னு நினைச்சிருக்காங்களேன்னு தோணிச்சு. நான் ராஜினாமான்னு சொன்னப்போ அந்த ரூம்ல ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லல, பார்த்தியா? நீ மட்டும் வெட்டியிருந்தே. அதனால இருக்கலாம்னு நினைச்சேன்."

பொய் சொல்வதற்கு நல்ல இடம் அது. அக்காவும் ஒரு நிமிடம் யோசித்ததாகச் சொன்னார். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டார். "அப்படி நினைச்சு வெட்டல சார். நீங்க சும்மா சொல்றீங்கன்னு நினைச்சு வெட்டினேன்."

"ஓ," என்றார் தலைவர். பிறகு எழுந்து போய் இரண்டு கப் டீ போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் குடித்தார்கள். சர்க்கரை சரியாக இருந்ததாம்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்காமல் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தொன்பது வருஷமா நடிக்கிறவங்க மூஞ்சியத்தான் பார்த்திருக்கேன்," என்றார். "நடிக்காத ஆள் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல போல." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பொதுக்குழு ஒரு பிரிவியூ தியேட்டரில் கூடியது. நூற்று எழுபது பேர் வந்திருந்தார்கள். துணைத்தலைவர் ஆறு பக்கம் தயார் செய்து வைத்திருந்தார். அவர் எழுவதற்குள் அக்கா எழுந்தார்.

"போன மினிட்ஸ்ல ஒரு வாக்கியம் விட்டுப்போச்சு. நான்தான் வெட்டினேன். வெட்டியிருக்கக் கூடாது. அதைத் திரும்பச் சேர்க்கறேன்," என்று சொல்லி அந்த வாக்கியத்தைப் படித்தார். 'போதும்' என்பதையும் விடவில்லை. "செயலாளர் பதவியை நானும் விட்டுடறேன். இதை நானே எழுதிக்கறேன்."

தலைவர் எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். அப்போதுதான் யாரோ பின் வரிசையிலிருந்து, "போகாதீங்க சார்," என்றார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற துணைத்தலைவர் விதிப்படி தற்காலிகத் தலைவரானார். அவர் போட்ட முதல் உத்தரவு, செயலாளரின் ராஜினாமாவை ஏற்க முடியாது என்பது. "இன்னிக்கு எல்லாரும் வந்திருக்காங்க. வேற யாரைச் செயலாளரா போடறது?" என்றார்.

மறுநாள் தலைவரின் இழுப்பறையைத் திறந்தார்கள். சேனல்களுக்கான கடிதம் பதினான்கு டிராஃப்டாக இருந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மரியாதையானது. பதினான்காவதில் கோரிக்கையே இல்லை. துணைத்தலைவர் தன் பங்குக்கு ஒன்று எழுதினார், அது சண்டைக்கு அழைப்பது போல் இருந்தது. கடைசியில் பதினைந்தையும் அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா ஒரு வரி எழுதினார்: ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் உறுப்பினர்கள் வேலைக்கு வரமாட்டார்கள்.

இழுபறி இரண்டு மாதம் நடந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு விடுமுறை என்று முடிந்தது. கேட்டதில் பாதி. துணைத்தலைவர் அதை வெற்றி என்றார், மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறுகளில் அக்கா மகளோடு நீச்சல் குளத்துக்குப் போகிறார். நாற்பத்தேழு வயதில் கற்றுக்கொள்கிறார். ஆழம் குறைந்த பக்கத்தில், ஆறு வயதுப் பிள்ளைகள் வரிசையில், எல்லோருக்கும் பின்னால் நிற்கிறார். மிதக்க வந்துவிட்டது. காலை உதைத்து முன்னால் போவதுதான் இன்னும் பிடிபடவில்லை.